பாத்ரூம் பூச்சிக்கு ஸ்ப்ரேயா, ஜாலியா, எக்ஸாஸ்ட் ஃபேனா: முதல் காசை எதில் போடுவது?

வீடு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பாத்ரூம் லைட்டைப் போடுங்கள். உடனே செருப்பைத் தூக்காமல், எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். தண்ணி இறங்கும் தரை ஓட்டையை மூடியிருக்கும் ஜாலியை நோக்கி ஓடினால் அது வெளியிலிருந்து வந்து போகிற விருந்தாளி. வாஷ்பேசின் அடியிலோ கதவு நிலையின் இடுக்கிலோ நுழைந்தால் உங்கள் வீட்டிலேயே குடித்தனம் நடத்துகிறது. ஓடவே ஓடாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு, கை வைத்தால் ஒரு தத்து தத்தி மறுபடி அங்கேயே உட்கார்ந்தால் அது கரப்பானே இல்லை, குழாயின் உட்சுவரில் பிறந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவு வேறு. இதைப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்தான் ஸ்ப்ரே பாட்டிலோடு திரும்பி வருகிறார்.

வடசென்னையில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்கு நிலத்தின் அமைப்பே பாதிக் காரணம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய். தாழ்ந்த தரை, காயாத காற்று. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிச் சந்துகளில் பாத்ரூம் நாலடிக்கு ஐந்தடி இருந்தாலே பெரிது. ஜன்னல் இருந்தால் அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கும். தண்ணி வருகிற நேரத்தில் பிடித்து வைக்க உள்ளேயே ஒரு டிரம், அதன் அடியில் வருஷம் முழுக்க ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் சாக்கடைச் சேம்பர் நிரம்பினால், அங்கே இருந்ததெல்லாம் மேட்டைத் தேடும். மேடு என்பது உங்கள் பாத்ரூம்தான்.

வந்திருப்பது யார்?

செம்பழுப்பு நிறம், கழுத்துப் பக்கம் மங்கிய மஞ்சள் வளையம், நாலு செ.மீ. வரை நீளம்: இது சாக்கடைக் கரப்பான். சேம்பரும் குழாயும் இதன் வீடு, பாத்ரூமுக்கு வருவது மேய்ச்சலுக்கு. ஒன்றரை செ.மீ. அளவில், வெளிர் பழுப்பில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு போட்டிருப்பது சமையலறைக் கரப்பான். பாத்ரூமில் அலமாரியோ வாஷிங் மெஷினோ இருந்தால் அங்கேயும் குடிவரும். பெரியதன் முட்டைக்கூட்டில் பதினைந்து முட்டை அளவில்தான் இருக்கும், சின்னதன் கூட்டில் முப்பது நாற்பது. பெரியதைப் பார்த்துத்தான் எல்லோரும் கத்துகிறோம். கவலைப்பட வேண்டியது சின்னதைக் கண்டால்.

அடுத்தது பாத்ரூம் ஈ. மூன்று மி.மீ. அளவு, சாம்பல் கறுப்பு, இறக்கை முழுக்க மெல்லிய ரோமம், உட்கார்ந்தால் குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருக்கும். நசுக்கினால் விரலில் சாம்பல் போல ஒட்டும். பலரும் இதைக் கொசு என்று நினைத்துக் கொசுவத்தி ஏற்றுகிறார்கள். இது கடிக்காது, ரத்தமும் குடிக்காது. சோப்பும் முடியும் உடம்பு அழுக்கும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் கொழகொழவென்று ஒரு படலம் படியும் இல்லையா, அதற்குள்தான் இதன் புழு வாழும். வாலில் உள்ள மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். முட்டை இரண்டு நாளில் பொரியும், புழுவாக ஒன்பது நாளிலிருந்து பதினைந்து நாள், கூட்டுப்புழுவாக ஓரிரு நாள், பிறகு ஈயாக இரண்டு வாரம். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

சுவரில் சிமென்ட் நிறத்தில் பூசணி விதை போல ஒன்று தொங்கும், சில சமயம் நகரும். உற்றுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து சிறு தலை எட்டிப் பார்த்து, கூட்டையே இழுத்துக்கொண்டு போகும். தொட்டால் உள்ளே போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுமுனை வழியாக எட்டிப் பார்க்கும், கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல். மணலையும் நூலையும் ஒட்டிக் கட்டிய வீடு அது. சிலந்தி வலை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி இவைதான் சாப்பாடு. இதற்கு எந்த மருந்தும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியும் துடைப்பமும் போதும்.

வெள்ளியாய் மீன் போல நெளிந்தோடும் ராமபாணப் பூச்சி, டைல்ஸில் பூசணம் பிடித்த இடத்தில் ஊரும் ஊசிமுனை அளவுப் பூச்சி, மழைக்குப் பின் வரும் மரவட்டை, அவற்றை வேட்டையாட வரும் பூரான், இவை நான்குக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு: இடம் காய்ந்தால் நிற்காது. தனித்தனியாக மருந்து தேடுவது வீண்.

எந்த ஓட்டையிலிருந்து ஈ வருகிறது என்று தெரியவில்லையா? ராத்திரி எல்லோரும் குளித்து முடித்ததும் ஜாலியைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அகலமான செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி குறுக்கே ஒட்டுங்கள், காற்றுப் போக ஒரு ஓரம் மட்டும் விட்டுவிடுங்கள். வாஷ்பேசின் ஓட்டைக்கும் அப்படியே. காலையில் எந்த டேப்பில் ஈ ஒட்டியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு ராத்திரி பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், மூன்று நான்கு ராத்திரி பாருங்கள். எல்லா டேப்பும் சுத்தமாக இருந்து, ஈ மட்டும் பறந்துகொண்டே இருந்தால் அது கெட்ட செய்தி. டைல்ஸுக்கு அடியில், குழாய்க்காகத் தாழ்த்திப் போட்ட சன்கன் ஸ்லாபில் நிரப்பிய செங்கல் ஜல்லிக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஸ்ப்ரே எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

கண்ணெதிரே ஓடுகிற கரப்பானை விழவைக்க ஸ்ப்ரேயை விட வேகமானது எதுவும் இல்லை. அவ்வளவுதான் அதன் பெருமை. இந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. காய்ந்த பரப்பில் அடித்தால் சில நாள் வேலை செய்யும், பாத்ரூமிலோ மறுநாள் காலை முதல் பக்கெட் தண்ணியோடு ஜாலிக்குள் போய்விடும். இன்னொரு சங்கடம், இந்த வாடை கரப்பானை விரட்டும். சாக்கடைக் கரப்பான் குழாய்க்குள் திரும்பிப் போய் நாளைக்கு வரும். சமையலறைக் கரப்பான் பாத்ரூமை விட்டு அடுப்பங்கரைக்கு இடம் மாறும். பூச்சி குறைந்தது போலத் தெரியும், உண்மையில் முகவரிதான் மாறியிருக்கும்.

பாத்ரூம் ஈக்கு ஸ்ப்ரே அடிப்பது அதைவிட வீண். பறப்பது செத்தாலும் குழாய்க்குள் புழு வளர்ந்துகொண்டே இருக்கும்.

கேஸ் கீசர் எரிகிற பாத்ரூமில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, டப்பாவில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. கொளத்தூர்ப் பக்கம் வீட்டிலேயே வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சொல்: பைரித்ராய்டு மீனுக்கு ஆலகாலம். அடித்த கையோடு தொட்டியைத் தொட்டாலும் வினை. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கும் ஆகாது.

ஊற்றுகிற வைத்தியங்கள்

ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில், கொதிநீர், பாச்சா உருண்டை. நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் தவறாகப் போவதும் இதுதான்.

முதலில் உயிர் போகிற விஷயம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நாலடிக்கு ஐந்தடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கிறவருக்கு ஒரு நிமிடத்திலேயே மூச்சு முட்டும். டாய்லெட் கிளீனர் பாட்டில்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் அதன்மேல் பிளீச்சிங் தூவுகிறார்கள்.

ஆசிட்டைத் தனியாக ஊற்றினாலும் நஷ்டம்தான். டைல்ஸ் பளிச்சென்று ஆகும், ஆனால் இணைப்பில் இருக்கும் வெள்ளை சிமென்டை ஆசிட் தின்னும். மாதம் ஒருமுறை ஊற்றினால் நாளடைவில் இணைப்புகள் பள்ளமாகும், தண்ணி கீழே இறங்கும், ஈரம் நிரந்தரமாகும். பூச்சியை ஒழிக்க ஊற்றியது பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த கதை. ஸ்டீல் ஜாலியும் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும்.

பிளீச்சிங் தண்ணி குழாயின் நடுவே வழிந்து ஓடிவிடும். படலத்தின் மேல்தோலைத் தொடும், உள்ளே கிடக்கும் புழுவைத் தொடாது. பினாயில் வாடையை மறைக்கும். பேக்கிங் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரையில் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணி.

கொதிநீர்? பழைய வார்ப்பிரும்புக் குழாயாக இருந்தால் சரி. இப்போது பெரும்பாலும் பி.வி.சி., அதற்கு 60 டிகிரிக்கு மேல் ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இணைப்பு தளரும், குழாய் வளையும். நான்கு மக் கொதிநீரோடு ஐந்து மக் குழாய்த் தண்ணி கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும், அதுவே உச்சம். தேய்த்துக் கழுவிய பிறகு ஊற்ற இது நல்லது. தேய்க்காமல் ஊற்றினால் பயன் சொற்பம்.

பாச்சா உருண்டை. பெயரே பாச்சையை வைத்து வந்தாலும், ஜாலியின் மேல் அதன் பாச்சா பலிக்காது. நாப்தலின் ஆவியாகி மூடிய பெட்டிக்குள் நிறைந்தால்தான் வேலை செய்யும். திறந்த ஜாலியில் வைத்தால் வாடை வீட்டுக்குள் வரும், கரப்பான் பக்கத்து ஓட்டை வழியாக வரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அறவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

பிரஷ் போட்டுத் தேய்ப்பது

பாத்ரூம் ஈக்கு இதற்கு இணை கிடையாது. வேண்டியது ஓர் அடிக்குக் குறையாத நீளமுள்ள குழாய் பிரஷ், ரப்பர் கையுறை, பழைய பல் பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. ஜாலியைத் தூக்குங்கள். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புக் கூழாக ஒட்டியிருக்கும், அதில் நூல் துண்டு போல நெளிவதுதான் புழு. ஜாலிக்குக் கீழே தண்ணி தேங்கி நிற்கும் டிராப்பின் கிண்ணத்தைக் கழற்றி, சுற்றியிருக்கும் முடியைக் கையால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். குழாயின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஜாலி உட்காரும் விளிம்பைப் பல் பிரஷால் சுரண்டி, மேலே சொன்ன வெந்நீரில் அரை பக்கெட் ஊற்றினால் ஒரு சுற்று முடிந்தது.

நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம். ஏன் மூன்று வாரம் என்பதற்குத்தான் அந்தப் பிறப்பு வளர்ப்புக் கணக்கு. முதல் நாள் தேய்த்தபின்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஈ பறக்கும். அது ஏற்கெனவே வெளியே வந்தது, ஆயுள் முடிந்து விழும். இந்த இடத்தில்தான் பலர் வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டு ஆசிட்டுக்குத் திரும்புகிறார்கள்.

கை எட்டாத ஆழத்தில் படலம் இருந்தால் பாக்டீரியா கலந்த டிரெயின் கிளீனர் உதவும். அதில் உள்ள நுண்ணுயிர்கள் படலத்தையே தின்னும். ராத்திரி கடைசி ஆள் குளித்த பிறகு குழாய்ச் சுவரில் படும்படி ஊற்றி, விடியும்வரை தண்ணி விடாமல் வைக்க வேண்டும். தொடர்ந்து ஒரு வாரம். அந்த வாரத்தில் பினாயிலோ பிளீச்சிங்கோ ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய உயிர்களை நீங்களே கொன்றதாகும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் குளிக்கிறவர் இருக்கும் வீட்டில் இது சரிப்படாது, பிரஷோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிராப்: பெரும்பாலான வீடுகளில் தப்பு இங்கேதான்

பாத்ரூம் தரை ஓட்டைக்குள் இருக்கும் கிண்ண அமைப்பைப் பிளம்பர்கள் நாணி டிராப் என்பார்கள், நகானி என்றும் சொல்வதுண்டு. அதில் எப்போதும் நிற்கும் தண்ணிதான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவு. அந்தத் தண்ணிப் பூட்டு 50 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பழைய கவிழ்த்த கிண்ண வகையில் இவ்வளவு இருப்பதில்லை. அதைவிட மோசம், தண்ணி மெதுவாகப் போகிறது என்று யாரோ எப்போதோ கிண்ணத்தைக் கழற்றித் தூரப் போட்டிருப்பார்கள். கதவையே கழற்றி வைத்துவிட்டுத் திருடன் வருகிறான் என்று ஸ்ப்ரே வாங்கிக்கொண்டிருப்போம்.

சோதிக்க ஓர் ஊதுவத்தி போதும். ஜன்னல், ஃபேன் எல்லாம் மூடிவிட்டு ஜாலிக்கு ஓர் அங்குலம் மேலே பிடியுங்கள். புகை நேராக ஏறினால் பூட்டு இருக்கிறது. ஜாலியிலிருந்து யாரோ ஊதுவது போலக் கலைந்தாலோ, உள்ளே இழுக்கப்பட்டாலோ பூட்டு இல்லை. ஒரு பக்கெட் தண்ணியைச் சட்டென்று கவிழ்த்துவிட்டு மறுபடி பாருங்கள். முதலில் சரியாக இருந்து இப்போது கெட்டால், ஓடுகிற தண்ணி பூட்டுத் தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. காற்றுப் போக மாடிக்கு ஏறும் வென்ட் குழாய் அடைந்திருக்கலாம், அல்லது வைக்கவே இல்லை.

மாற்றுவதற்கு மூன்று வழி. முதலாவது, கிண்ணம் சேர்ந்தே வரும் கரப்பான் ஜாலி. உடைக்க வேண்டாம், பழைய ஜாலியை எடுத்துவிட்டு வைத்துவிடலாம். 304 கிரேடு ஸ்டீலாக வாங்குங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்க உப்புக் காற்றில் அதைவிட மட்டமானதெல்லாம் துரு. வாங்கப் பாரிமுனைக் கடைகளுக்குக் கிளம்புமுன் ஜாலியின் வெளி அளவு, கீழே உள்ள குழாயின் உள் அளவு இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். ஜாலி ஐந்து அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கி வந்து, கிண்ணம் குழாய்க்குள் இறங்காமல் திருப்பிக் கொடுக்கப் போவதுதான் வழக்கம். இதன் குறை, முடி சீக்கிரம் சேரும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். பூட்டு ஆழம் குறைவு என்பதால் பத்து நாள் ஊருக்குப் போனால் காய்ந்துவிடும்.

இரண்டாவது, ஒருவழி சிலிக்கான் வால்வு. குழாய்க்குள் செருகினால் தண்ணி போகும்போது உதடு திறக்கும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். தண்ணிப் பூட்டே இல்லாத இடத்துக்கு இதுதான் கை கொடுக்கும். ஆனால் உதட்டில் ஒரு முடி சிக்கினாலும் குட்டிக் கரப்பான் நுழைய அது போதும்.

மூன்றாவது, டைல்ஸை உடைத்து ஆழப் பூட்டுள்ள புது டிராப் பதிப்பது. ஒன்றரை அடிச் சதுரம் உடைக்க வேண்டும், பிளம்பரும் கொத்தனாரும் வேண்டும், இரண்டு மூன்று நாள் பாத்ரூம் கிடையாது. தரைத்தளத்தில் துணிந்து செய்யலாம். மேல்மாடி என்றால் டிராப்பைச் சுற்றி வாட்டர்ப்ரூஃபிங் சரியாக அமையாவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும், அந்தச் சண்டைக்குக் கரப்பானே மேல்.

டிராப்பைச் சரிசெய்துவிட்டு வாஷ்பேசின் குழாயை மறந்துவிடாதீர்கள். நெளிகுழாய் சின்னது, அது நுழையும் தரைக்குழாய் பெரியது. நடுவில் விரல் நுழையும் இடைவெளி சாக்கடைக் கரப்பானுக்கு ராஜபாட்டை. ரப்பர் வாஷர் போட்டு அடையுங்கள். இந்தியன் டாய்லெட் பீங்கானுக்குப் பின்னால் சிமென்ட் விட்ட வெடிப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜெல், போரிக் பவுடர்

சமையலறைக் கரப்பானுக்கு, அது தின்று சாகும் மருந்துப் பசையான ஜெல்தான் முதல் தேர்வு. ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம் என்று குழாயில் அச்சிட்டிருக்கும். துவரம்பருப்பு அளவுப் புள்ளிகளாக, தண்ணி படாத இடத்தில் மட்டும் வையுங்கள்: கதவுக் கீல் இடுக்கு, அலமாரியின் உள்மூலை, வாஷிங் மெஷினின் பின்பக்கம். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் வாடைக்குப் பயந்து கரப்பான் ஜெல்லைத் தொடாது. இரண்டுக்கும் காசு கொடுத்து இரண்டையும் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். சாக்கடைக் கரப்பானுக்கும் ஜெல் வேலை செய்யும், புள்ளி பெரிதாக வேண்டும். ஆனால் குழாய் திறந்திருக்கும்வரை புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும்.

போரிக் பவுடர் நம் பக்கம் கேரம் போர்டில் தூவிப் பழகிய சரக்கு. போர்டில் தூவுவது போலவே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லியதாகத் தூவினால்தான் கரப்பானின் காலில் ஒட்டும், அது காலை நக்கும்போது உள்ளே போகும். மேடு மேடாகக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரத்தில் கட்டியானால் செத்த சரக்கு. ராமபாணத்துக்கும் நல்லது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்.

காயவைப்பதில் மூன்று

பாத்ரூமைக் காயவைக்கும் கருவிகளில் மிக மலிவானது ரப்பர் வைப்பர், அதுதான் மிகப் பலனுள்ளதும். கடைசியாகக் குளித்தவர் ஒரு நிமிடம் தள்ளிவிட்டால் தரைத் தண்ணியில் பெரும்பகுதி போய்விடும். டிரம்மை இரண்டு செங்கல் மேலோ பிளாஸ்டிக் ஸ்டாண்டு மேலோ தூக்கி வையுங்கள், அடியில் காற்று போகட்டும். டிரம்மை வாரம் ஒருமுறை காலிசெய்து உட்சுவரைத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை தண்ணி விளிம்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணியை மட்டும் மாற்றினால் போகாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டாவது. நாலுக்கு ஐந்து, எட்டடி உயரம் என்றால் 160 கன அடிக் காற்று, ஆறு அங்குல ஃபேனே தாராளம். 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. கடலோரம் என்றால் பிளாஸ்டிக் உடல் உள்ளதை வாங்குங்கள். கதவுக்கு அடியில் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே தள்ள ஃபேனால் முடியாது. டிராப் பூட்டு கெட்டிருக்கும்போது ஃபேன் போட்டால் அது சாக்கடைக் காற்றை உள்ளே இழுக்கும், நாற்றம் கூடும். முதலில் டிராப், பிறகு ஃபேன் என்று சொல்வது இதனால்தான். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது ஃபேன் பாதி வேலைதான் செய்யும், வைப்பர் அப்போதும் முழு வேலை செய்யும்.

மூன்றாவது, டைல்ஸ் இணைப்புகளைத் தண்ணி இறங்காத பிசின் கலவையான எபாக்ஸி க்ரௌட்டால் மாற்றுவது. பழைய வெள்ளை சிமென்டை இரண்டு மூன்று மி.மீ. ஆழம் சுரண்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு நிரப்ப வேண்டும். நம் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், பாதி பாதியாகக் கலக்குங்கள். டைல்ஸ் மேல் படிந்ததை ஈர ஸ்பாஞ்சால் உடனே துடைக்காவிட்டால் அப்புறம் போகாது. 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது. ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் ஆட்கள் ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய வேலை. ஒரு மக் தண்ணி ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஜாலியை விட்டு வேறெங்காவது குட்டையாக நின்றால் தரைச் சரிவே தப்பு, அதை க்ரௌட் சரிசெய்யாது.

ஆள் கூப்பிடுவது

பூச்சி மருந்து அடிக்கும் தொழிலுக்கு 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும், கேட்டுப் பாருங்கள். என்ன மருந்து என்று கேளுங்கள். வந்தவர் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்காமல், ஜாலியைத் தூக்காமல், நேராகப் பம்பை எடுத்துச் சுவரில் அடிக்கத் தொடங்கினால் அந்த வேலையை நீங்களே செய்திருக்கலாம். கதவு நிலையில் மண்கோடு ஏறியிருந்தால் மட்டும் தாமதம் வேண்டாம், அது கரையான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மி.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, துளைக்கு ஒரு லிட்டர் மருந்து இறக்கும் வேலை அது. வீட்டுக் கைவைத்தியத்தில் அடங்காது.

எந்த வீட்டுக்கு எது

வாடகை லைன் வீடு, பொதுப் பாத்ரூம், தண்ணி சுவர் ஓட்டை வழியாக நேரே சந்து ஜலதாரைக்குப் போகிறது என்றால் அங்கே டிராப்பே இல்லை. உடைக்கவும் உரிமை இல்லை. சிலிக்கான் வால்வு அல்லது கம்பி வலை, வைப்பர், பிரஷ். வீடு மாறும்போது வால்வைக் கழற்றிக்கொண்டே போகலாம்.

வாரியக் குடியிருப்பு போன்ற அடுக்கு வீடுகளில் ஒரே கீழிறங்கும் குழாயில் நான்கைந்து வீடு இணைந்திருக்கும். உங்கள் வீட்டில் மட்டும் மருந்து அடித்தால் கரப்பான் மேல்வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு வாரத்தில் திரும்பும். அந்த வரிசை வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் கிண்ண ஜாலி மாற்றிக்கொண்டால் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். தனியாக மாற்றினாலும் உங்கள் வீட்டு வாசல் அடைபடும், நஷ்டமில்லை.

சொந்தத் தனி வீடு, டேப் சோதனையில் எதுவும் சிக்கவில்லை, ஈ மட்டும் குறையவில்லை என்றால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரின் அடிப்பக்கம் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் ஈரமானால் அது காற்றின் ஈரம், ஃபேனும் வைப்பரும் போதும். பின்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தண்ணி வரும் குழாயில் ஒழுகல், இறங்காவிட்டால் கழிவுக் குழாயையோ நிலத்து ஈரத்தையோ சந்தேகப்பட வேண்டும். உடைக்க வேண்டிய வீடு இது ஒன்றுதான். அதைப் பொங்கல் கழிந்து, நிலம் காயத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் உடைத்தால் பூச்சு காயாது.

தெருச் சேம்பர் பொங்கி வழிந்தால் வீட்டுக்குள் என்ன செய்தும் பயனில்லை. மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916, கொசுவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் மாநகராட்சி 1913. அவசரம் என்று யாரையாவது கூப்பிட்டு, பாதுகாப்புக் கருவி இல்லாமல் உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திரம் வரும்வரை ஜாலியின் மேல் ஈர மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்து அழுத்திவிட்டு, கதவைச் சாத்தி அடியில் பழைய துண்டை மடித்துத் திணித்து வையுங்கள்.